மேற்கோள் கணக்கும் மெண்டலின் பட்டாணியும்

நிலக்கிரயத்தில் பழக்கமுள்ள எவரும் மூலப்பத்திரம் இன்னதென்று அறிவர். ஒரு நஞ்சையை வாங்க முன்வருகிறவர், விற்பவர் கையிலுள்ள பத்திரத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. அப்பத்திரம் எதனை ஆதாரமாகக் காட்டுகிறது, அந்த ஆதாரம் அதற்கு முந்தைய எதனைக் காட்டுகிறது என்று பின்னோக்கிச் சென்று பார்க்கிறார். அத்துடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றும் கேட்கிறார். மூலப்பத்திரம் பின்னோக்கிக் காட்டுவது. வில்லங்கச் சான்றோ முன்னோக்கிக் காட்டுவது. இன்ன ஆண்டில் எழுதப்பட்ட பத்திரத்திற்குப் பின்னர் அதே நிலத்தைத் தொட்டு எழுதப்பட்டவை எவை என்பதை அது தெரிவிக்கும்.

விஞ்ஞானிகளின் உலகத்திலும் இதே ஏற்பாடு நடைபெற்று வருகிறது. ஓர் ஆராய்ச்சியாளர் தாம் கண்டதைக் கட்டுரையாக எழுதி வெளியிடும்போது, தமக்கு முன் அத்துறையில் உழைத்தவர்களுடைய கட்டுரைகளைப் பெயர், ஆண்டு முதலியவற்றுடன் குறிப்பிட்டாக வேண்டும். இதற்கு மேற்கோள் என்று பெயர். ஒருவருடைய கட்டுரையைப் பிற்காலத்தார் எத்தனை பேர் மேற்கோளாக எடுத்தாண்டனர் என்று எண்ணிப் பார்ப்பதே மேற்கோள் கணக்கு. இதற்குப் பெரிய அளவில் அட்டவணை ஏற்படுத்தியவர் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த யூஜீன் கார்ஃபீல்டு என்பவர். 1955-இல் அவர் இக்கருத்தை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். 1964 முதல் அவருடைய நிறுவனம் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை ஒழுங்காகப் பிரசுரிக்கத் தொடங்கியது. அவருக்கு வழிகாட்டியாக இருந்தது வழக்கறிஞர்களின் புத்தகமே என்பது கவனிக்கத்தக்கது. 1873 முதல் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு ஷெப்பர்டு என்பவர் தொகுத்துவந்த அட்டவணையில், ஒரு தீர்ப்பு பிற்காலத் தீர்ப்புகளில் எங்கெங்கே எடுத்தாளப்பட்டது, எங்கே தள்ளப்பட்டது என்பது காணக் கிடைத்தது. பழைய கட்டுரை ஒன்றின் வில்லங்கத்தைத் தேடிப் பார்க்கும் வசதியையே கார்ஃபீல்டு விஞ்ஞானிகளுக்குச் செய்து கொடுத்தார்.

தேடுவதற்கு ஏற்பட்ட அட்டவணை நாளடைவில் நிறுப்பதற்கு உபயோகப்படலாயிற்று. இன்னாருக்கு இத்தனை மேற்கோள் என்ற கணக்கைக் கொண்டே வேலை, பதவி உயர்வு, ஆராய்ச்சிப் பணம் முதலியவற்றைத் தீர்மானிக்கும் வழக்கம் பல தேசங்களில் பரவியுள்ளது. இந்தியாவில் 2016 முதல் வெளியிடப்பட்டுவரும் தேசியத் தரவரிசையில், கட்டுரைகளின் எண்ணிக்கைக்கும் மேற்கோள்களுக்கும் மதிப்பெண் உண்டு. 2023 முதல் விவசாயக் கல்வி நிலையங்களுக்கென்று தனிப் பிரிவும் அதில் சேர்க்கப்பட்டது. ஆகவே, நெல்லையும் கரும்பையும் ஆராய்கிறவர்களுடைய மதிப்பு எந்தப் படியால் அளக்கப்படுகிறது என்பது குடியானவர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் அன்று. படி தவறினால் அளவு தவறும். அளவு தவறினால் எந்தப் பயிருக்கு யார் உழைப்பார்கள் என்பதும் தவறும்.

இந்தப் படியைச் சோதித்துப் பார்ப்பதற்கு, பயிர் அபிவிருத்திக்கெல்லாம் ஆதாரமான விதிகளைக் கண்ட கிரிகோர் மெண்டலைவிடப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது.

ஆறு சென்டு தோட்டம்

மெண்டல் 1822-இல், அக்காலத்தில் ஆஸ்திரிய ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஹைன்ட்ஸெண்டார்ஃப் என்னும் கிராமத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை பழமரங்களுக்கு ஒட்டுக்கட்டுவதில் ஈடுபாடுடையவர். வறுமையின் காரணமாகவே பெரும்பாலும் மெண்டல் புரூன் நகரத்திலிருந்த புனித தோமையார் மடத்தில் சேர்ந்தார். இந்நகரம் இப்பொழுது செக் நாட்டில் புர்னோ என்று வழங்குகிறது. ஆசிரியர் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். வியன்னாவில் 1851 முதல் 1853 வரை படித்தபோது இயற்பியலும் கணக்கும் கற்றார். இந்தக் கணக்குப் பழக்கமே பின்னால் அவருக்கு உதவியது.

மடத்துத் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த இடம் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டு. நம் கணக்கில் ஆறு சென்டு! விதை வியாபாரிகளிடமிருந்து 34 வகைப் பட்டாணி விதைகளை வாங்கி, இரண்டு ஆண்டுகள் பயிரிட்டு, கலப்பின்றித் தாய்ச்செடியை ஒத்து வருகின்றனவா என்று பார்த்து, 22 வகைகளைப் பொறுக்கி எடுத்தார். ஆராய்ச்சி தொடங்குமுன் விதையின் தூய்மையைச் சோதிக்க இரண்டாண்டுகள் செலவிட்ட இந்தப் பொறுமை தனியே குறிப்பிடத்தக்கது. பின்னர் 1856 முதல் 1863 வரை எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 28,000 செடிகளை வளர்த்துப் பார்த்தார்.

உருண்டை விதை தரும் பட்டாணியையும் சுருங்கிய விதை தரும் பட்டாணியையும் கலந்தபோது முதல் தலைமுறையில் கிடைத்த விதைகள் யாவும் உருண்டையாகவே இருந்தன. அவ்விதைகளை விதைத்து வளர்த்த செடிகளில் கிடைத்த விதைகளையோ அவர் ஒவ்வொன்றாக எண்ணினார்: உருண்டை 5,474, சுருக்கம் 1,850. மஞ்சள் நிற விதையையும் பச்சை நிற விதையையும் கலந்ததில் மஞ்சள் 6,022; பச்சை 2,001. எடுத்துக்கொண்ட ஏழு குணங்களிலும் இந்த விகிதம் மூன்றுக்கு ஒன்றாகவே நின்றது. மறைந்துபோனதாகத் தோன்றிய குணம் அழியவில்லை. ஒடுங்கியிருந்து மறுபடி தலைதூக்கிற்று. அவர் அத்துடன் நிற்கவில்லை. உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். அவற்றுள் 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன. 372 செடிகள் இரண்டையும் கலந்து தந்தன. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் உருண்டை விதைகளில் மூன்றில் ஒரு பங்குதான் நிலையான விதை, மற்றவை உள்ளே கலப்பை வைத்திருப்பவை என்பது இதனால் விளங்கிற்று. வீரிய ஒட்டுச் சோளத்தின் கதிரிலிருந்து விதை எடுத்து மறுபோகம் விதைத்து, நெட்டையும் குட்டையுமாக வயல் வந்ததைக் கண்டு திகைத்தவர்கள் இக்கணக்கின் பலனைத் தம் வயலிலேயே பார்த்திருக்கிறார்கள்.

1865-ஆம் ஆண்டு பெப்ரவரி 8-ஆம் தேதியும் மார்ச்சு 8-ஆம் தேதியும் புரூன் இயற்கைச் சரித்திர சங்கத்தில் மெண்டல் இவற்றை விளக்கிப் பேசினார். 1866-இல் அச்சங்கத்தின் வெளியீட்டில் கட்டுரை அச்சாயிற்று. அந்த வெளியீடு நூற்றுக்கும் மேற்பட்ட கழகங்களுக்கும் நூல்நிலையங்களுக்கும் அனுப்பப்பட்டது. லண்டனிலிருந்த இரண்டு பெரிய கழகங்களும் அவற்றுள் அடங்கும். தனிப் பிரதிகள் நாற்பது அச்சடிக்கச் செய்து, மெண்டல் தாமே சிலருக்கு அனுப்பினார். ஆகவே கட்டுரை மூலையில் கிடந்தமையால் எவர் கண்ணிலும் படவில்லை என்று சொல்வது பொருந்தாது. அது சென்ற இடங்களுக்குச் சென்றது. படிப்பாரில்லை என்பதே உண்மை. கெர்னர் என்னும் தாவர சாஸ்திர நிபுணருக்கு அனுப்பிய பிரதி, தாள்கள் வெட்டப்படாத நிலையிலேயே பிற்காலத்தில் கண்டெடுக்கப்பட்டது.

முப்பத்துநான்கு ஆண்டு உறக்கம்

படித்தவர்களுள் முக்கியமானவர் மூனிச் நகரத்துப் பேராசிரியர் நேகெலி. மெண்டல் அவருக்கு 1866 முதல் 1873 வரை விரிவான கடிதங்கள் எழுதினார். நேகெலி ஆராய்ந்துவந்த செடி ஹாக்வீடு என்னும் ஒருவகைக் காட்டுப் பூண்டு. மெண்டலும் அதில் பல ஆண்டுகள் உழைத்து, கண்ணைக் கெடுத்துக்கொண்டு, நுண்ணிய பூக்களில் கலப்புச் செய்து பார்த்தார். பட்டாணியில் கண்ட விகிதம் அதில் வரவேயில்லை. அப்பூண்டு பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையின்றியே விதை கட்டும் இயல்புடையது என்பதும், ஆகையால் வாழைக்கன்று தாய்மரத்தை ஒத்திருப்பதுபோல் அதன் வித்துகள் தாயையே ஒத்துவரும் என்பதும் அவர் இறந்து வெகுகாலம் கழித்தே தெரியவந்தன. பெரிய மனிதர் காட்டிய பயிர் தவறான பயிராக அமைந்துவிட்டது. 1884-இல் நேகெலி பரம்பரையைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். அதில் மெண்டலின் பெயர் இடம்பெறவில்லை. மெண்டல் அந்த ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதியே காலமாகியிருந்தார்.

1868-இல் மடத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரம் குறைந்தது. 1874-இல் மடங்களின் சொத்தின்மீது அரசாங்கம் விதித்த புதிய வரி நியாயமன்று என்று வாதாடி, கடைசிவரை அதைச் செலுத்த மறுத்துவந்தார். வசூல் உத்தியோகஸ்தர்கள் ஜப்தி வரைக்கும் போனார்கள். உள்ளூரில் அவரை அறிந்தவர்கள் இந்த வரி விவகாரத்தையும், அவர் வளர்த்த தேனீக்களையும், தினமும் குறித்துவந்த மழை வெப்பக் கணக்கையும் நினைவில் வைத்திருந்தார்கள். பட்டாணியைப் பற்றிய நினைவு மங்கிப்போயிற்று.

அவர் வெளியிட்டவற்றைக் கணக்கிட்டால் அளவில் அவை சொற்பம். முள்ளங்கியைத் தாக்கும் புழுவைக் குறித்தும் பட்டாணி வண்டைக் குறித்தும் 1853, 1854-ஆம் ஆண்டுகளில் இரண்டு சிறு குறிப்புகள்; வானிலையைப் பற்றிய கட்டுரைகள் சில, அவற்றுள் ஒன்று 1870-இல் புரூன் நகரத்தை அடித்துச் சென்ற சுழற்காற்றைப் பற்றியது; செடிகளின் கலப்பைப் பற்றி இரண்டே கட்டுரைகள் — 1866-இல் பட்டாணி, 1870-இல் ஹாக்வீடு. பட்டாணிக் கட்டுரைக்கு 1900 வரையில் கிடைத்த மேற்கோள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1869-இல் ஹாஃப்மன் என்பவர் தம் நூலில் குறிப்பிட்டார். 1881-இல் ஃபோக் என்பவர் கலப்புச் செடிகளைப் பற்றிய தம் பெருநூலில் சில இடங்களில் குறித்தார். நிலையான எண் விகிதங்களைக் கண்டதாக மெண்டல் நம்பினார் என்ற அளவில் அவர் நிறுத்திக்கொண்டார். நம்பினார் என்ற சொல்லில் எவ்வளவு அலட்சியம் அடங்கியிருக்கிறது என்பது படிப்பவர்க்குத் தெரியும்.

அமெரிக்கத் தோட்டக்கலை நிபுணர் பெய்லி 1892-இல் வெளியிட்ட நூற்பட்டியலிலும் மெண்டலின் கட்டுரை இடம்பெற்றது. ஆனால் பெய்லி மூலக்கட்டுரையைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். ஃபோக்கின் நூலிலிருந்து எடுத்தெழுதினார். பத்திரத்தைப் பாராமல் பத்திர எண்ணை மட்டும் நகலெடுப்பது போன்றது இது. மேற்கோள் கணக்கில் இதுவும் ஒன்று என்றே விழும்! இருப்பினும், பாராமல் எழுதிய அந்தக் குறிப்பும் வீண்போகவில்லை என்பது வேடிக்கை. ஹாலந்து தேசத்து டி விரீஸ் மெண்டலின் கட்டுரையைப் பற்றி அறிந்தது பெய்லியின் பட்டியலினால்தான் என்று ஒரு கூற்று உண்டு.

1900-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் டி விரீஸ், ஜெர்மனியில் கோரன்ஸ், ஆஸ்திரியாவில் செர்மாக் ஆகிய மூவர், ஒருவருக்குப் பின் ஒருவராகச் சில மாதங்களுக்குள், தத்தம் சோதனைகளில் அதே மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கைக் கண்டு வெளியிட்டார்கள். டி விரீஸ் பிரெஞ்சில் எழுதிய சிறு கட்டுரையில் மெண்டலின் பெயரைச் சொல்லவில்லை. ஜெர்மன் மொழியில் எழுதியதில் சொன்னார். கோரன்ஸ் அதைக் கண்டதும் தம் கட்டுரையின் தலைப்பிலேயே மெண்டலின் பெயரை வைத்து, முன்னுரிமை யாருடையது என்பதைத் தெளிவாக்கினார். இங்கிலாந்தில் பேட்ஸன் முன்னின்று பிரசாரம் செய்தார். 1901-இல் அந்நாட்டுத் தோட்டக்கலைக் கழகத்தின் சஞ்சிகையில் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதன் பின்னர் மேற்கோள்கள் மழைபோல் பொழிந்தன. இவ்வாறு நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து பின்னர் திடீரென்று எழும் கட்டுரைகளுக்கு உறங்கும் அழகி என்று 2004-இல் ஹாலந்து தேசத்து ஆய்வாளர் ஒருவர் பெயர் சூட்டினார்.

முப்பத்துநான்கு ஆண்டுகள் போனதில் நஷ்டம் மெண்டலுக்கு மட்டும் அன்று. கேம்பிரிட்ஜில் பிஃபென் என்பவர், கோதுமையில் மஞ்சள் துருநோயை எதிர்க்கும் சக்தி மெண்டலின் விதிப்படியே ஒடுங்கு குணமாகத் தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது என்று 1905-இல் காட்டினார். அவ்வறிவைக் கொண்டு அவர் உண்டாக்கிய லிட்டில் ஜாஸ் என்னும் கோதுமை 1910-இல் உழவர் கைக்கு வந்தது. விதி தெரிந்த பத்தாண்டில் பயன் விளைந்தது. 1866-இலேயே ஒருவர் ஊன்றிப் படித்திருப்பாரானால், அதற்கிடையில் துருநோயால் அழிந்த கோதுமையில் ஒரு பங்கேனும் மிஞ்சியிருக்கும் என்று எண்ணுவது மிகையாகாது.

எண்ணில் அடங்குவதும் அடங்காததும்

2005-இல் அமெரிக்காவில் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் பேராசிரியர் ஆராய்ச்சியாளரை ஒரே எண்ணால் அளக்கும் முறை ஒன்றை வகுத்தார். எச் குறியீடு என்று அதற்குப் பெயர். குடியானவர்களுக்குப் பழக்கமான முறையில் சொன்னால் இப்படி: ஒருவரிடம் பல பசுக்கள் இருக்கின்றன, அவற்றுள் ஐந்து பசுக்கள் ஒவ்வொன்றும் ஐந்து படிக்குக் குறையாமல் கறக்கின்றன, ஆனால் ஆறு படி கறப்பவை ஆறு இல்லை என்றால், அவருடைய குறியீடு ஐந்து. பசுவுக்குப் பதில் கட்டுரை, படிக்குப் பதில் மேற்கோள். ஒரே பசு நூறு படி கறந்தாலும் குறியீடு ஒன்றுதான். மெண்டல் செடிகளின் கலப்பைப் பற்றி வெளியிட்டவை இரண்டே ஆதலால், அத்துறையில் அவருடைய குறியீடு எக்காலத்தும் இரண்டைத் தாண்டாது. சராசரியான பல பேராசிரியர்கள் அவரைவிடப் பன்மடங்கு உயர்ந்து நிற்பார்கள்.

இக்கணக்கில் வேறு சில குறைகளும் உண்டு. கண்டித்து எழுதினாலும் மேற்கோள் என்றே சேரும். ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த புள்ளிவிவர மேதை ஃபிஷர், மெண்டலின் எண்கள் நம்பத்தகாத அளவுக்கு விதியை ஒட்டியிருக்கின்றன என்று 1936-இல் எழுதினார். அதுவும் மெண்டலின் வரவில் ஒன்று. தம் கட்டுரையைத் தாமே எடுத்தாள்வோரும், நண்பர்கள் கூடி ஒருவரையொருவர் எடுத்தாள்வோரும் உண்டு. மற்றொரு புறம், ஓர் உண்மை நன்றாக நிலைபெற்றுவிட்டால் அதைக் கண்டவரை யாரும் குறிப்பிடுவதில்லை. பள்ளிச் சிறுவனும் அறிந்த ஓங்கு குணம், ஒடுங்கு குணம் என்ற சொற்களை எழுதும் எவர் இன்று 1866-ஆம் ஆண்டுக் கட்டுரையை அடிக்குறிப்பில் காட்டுகிறார்? முழு வெற்றியடைந்த வேலை கணக்கிலிருந்து மறைந்துபோகிறது.

இதனால் அட்டவணையே பயனற்றது என்று ஏற்படாது. மேற்கோள் அட்டவணை அக்காலத்தில் இருந்திருந்தால் மெண்டலின் வேலை மறக்கப்பட்டிருக்குமா என்ற கேள்வியைக் கார்ஃபீல்டே 1970-இல் எழுப்பினார். ஃபோக்கின் நூலைப் புரட்டிய ஒருவருக்கு, அந்நூல் காட்டிய புரூன் கட்டுரையை வேறு யார் யார் எடுத்தாண்டார்கள் என்று தேட வழி இருந்திருக்குமானால், சிதறிக் கிடந்த நாலைந்து வாசகர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள். தேடுவதற்கு அது சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை. வில்லங்கச் சான்றைக் கொண்டு நிலத்தின் சரித்திரம் அறியலாம். மண் களிமண்ணா மணற்பாங்கா என்பதை அறிய மண்வெட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

வயலில் எழுதப்படும் மேற்கோள்

மெண்டலின் விதி சென்னை இராஜதானிக்கு வந்து சேர்ந்த விதம் இவ்விடத்தில் பொருத்தமானது. கோயமுத்தூரில் அரசாங்கப் பொருளாதாரத் தாவரவியல் நிபுணராக இருந்த எஃப். ஆர். பார்னெல், ஜி. என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியோருடன் சேர்ந்து, நெல்லின் குணங்கள் பரம்பரையாக இறங்குவதைப் பற்றி 1917-இல் ஒரு வெளியீடு பிரசுரித்தார். மெண்டல் பட்டாணியில் செய்தது போலவே இவர்கள் நெற்பயிரில் குணம் குணமாகப் பிரித்து எண்ணினார்கள். ரங்கசாமி அய்யங்கார் பின்னர் சிறுதானியப் பயிர்களில் புகழ்பெற்றார். ராமையா 1946-இல் கட்டாக் நகரத்தில் ஏற்பட்ட மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

அக்காலத்தில் கோணமணி என்னும் நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாறுதலைக் கவனித்துப் பிரித்தெடுத்ததே ஜி. இ. பி. 24 என்னும் சன்னரக நெல். பார்னெல் வகித்த பதவியின் ஆங்கிலப் பெயருடைய முதலெழுத்துகளே அந்த நெல்லுக்குப் பெயராயின. கிச்சிலிச் சம்பா என்று மக்கள் அழைத்தார்கள். 1921-இல் அது வெளியிடப்பட்டது. பின்னர் ஜி. இ. பி. 24-ஐயும் கோ 18-ஐயும் கலந்து, திரூர்க்குப்பம் நிலையத்தில் டி. கே. எம். 6 உண்டாக்கப்பட்டது. தண்டுத் துளைப்பானை ஓரளவு தாங்கும் குணம் டி. கே. எம். 6-இல் இருப்பதைக் கண்டு, பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பெற்றோராகக் கொண்டு ஒரு நெல்லை உருவாக்கி 1969-இல் வெளியிட்டார்கள். அதுதான் ஐ. ஆர். 20. காவிரிப் பாசனத்தில் சம்பாப் பட்டத்தில் அதை நடாத மிராசுதார் அந்நாளில் அரியர். அதே நிலையத்திலிருந்து 1976-இல் வந்து, ஆசியாவின் பல தேசங்களில் பரவிய ஐ. ஆர். 36-இன் வம்சாவளியிலும் டி. கே. எம். 6 இருக்கிறது.

ஒரு புதிய நெல்லுக்கு எழுதப்படும் வம்சாவளி உண்மையில் ஒரு மேற்கோள் பட்டியலே. இன்ன தாய், இன்ன தந்தை என்று அதில் எழுதியாக வேண்டும். இங்கே பாராமல் நகலெடுக்க முடியாது; விதையைப் பெற்று, விதைத்து, மகரந்தம் சேர்த்து, எட்டுப் பத்து ஆண்டு காத்திருந்தாலன்றி அப்பெயரை எழுத முடியாது. ஆனால் மேற்கோள் அட்டவணைகள் கட்டுரைகளையே எண்ணுகின்றன; நெல்லை எண்ணுவதில்லை. கோயமுத்தூர் வயலில் ஒரு கதிரைத் தனியே கண்டு பிரித்தவரின் கண்ணுக்கு அந்தக் கணக்கில் வரவு கிடையாது.

வித்தியாசம் எங்கே உறைக்கும் என்பதைக் கிராமத்தில் உள்ளவர்கள் எளிதில் அறியலாம். நெல்லின் மரபணுவைப் பற்றி எழுதினால் பல தேசத்தாரும் படிப்பார்கள், மேற்கோளும் பெருகும். ஒரு ஜில்லாவின் மானாவாரிக் கரிசலில் விளையும் வரகையோ, உவர் நிலத்திற்கேற்ற ஒரு உள்ளூர் நெல்லையோ பத்தாண்டு ஆராய்ந்தவர் எழுதுவதை அந்தப் பயிரைச் செய்கிற இடத்தார் மட்டுமே தேடுவர். அவர் தமிழில் எழுதிய சாகுபடிக் குறிப்பை ஆயிரம் குடியானவர்கள் பின்பற்றினாலும் அது கணக்கில் ஏறாது. இளம் ஆராய்ச்சியாளர் ஒருவர் பதவி உயர்வை எண்ணிப் பயிரைத் தேர்ந்தெடுப்பாரானால் வரகு தோற்றுப்போகும் என்பதற்கு ஜோசியம் வேண்டுவதில்லை. இந்தக் கஷ்டத்தை உணர்ந்தே, 2012-இல் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் கூடிய விஞ்ஞானிகள், சஞ்சிகையின் மதிப்பெண்ணைக் கொண்டு தனிமனிதரின் வேலையை எடைபோடலாகாது என்று ஒரு பிரகடனம் செய்தார்கள். ஆயிரக்கணக்கான நிறுவனங்களும் தனி ஆட்களும் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கையொப்பமிட்டபின் பழைய கணக்கையே பார்ப்போரும் இல்லாமல் இல்லை.

வயலில் பரவியதை அளக்க வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ரகத்திற்கும் அடுத்த ஆண்டுகளில் எவ்வளவு வல்லுநர் விதை வேண்டும் என்று மாநிலங்கள் மத்திய அரசாங்கத்திற்கு முன்கூட்டியே கேட்பு அனுப்புகின்றன. ஒரு ரகம் எவ்வளவு விரும்பப்படுகிறது, எத்தனை ஆண்டு நிலைத்து நிற்கிறது என்பதை அக்கேட்புகளிலிருந்து அறியலாம். அந்தக் கேட்புகளுக்கு அடிப்படை கிராமத்து விதைத் தேவையே. வல்லுநர் விதை மூட்டையில் பொன்மஞ்சள் சீட்டும், ஆதார விதையில் வெள்ளைச் சீட்டும், சான்று விதையில் நீலச் சீட்டும் கட்டப்பட்டு வருகின்றன. ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் அதில் காணும். பலர் மூட்டையைப் பிரித்ததும் சீட்டை எறிந்துவிட்டு, பின்னர் கேட்டால் சன்னம் என்றோ மோட்டா என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். சீட்டை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்தி, விதை வாங்கிய ரசீதுடன் சேர்த்து வைத்திருந்து, கணக்கெடுக்க வருபவரிடம் ரகத்தின் பெயரையும் எண்ணையும் சரியாகச் சொல்வது நலம். கிராம உத்தியோகஸ்தர்களும் விதைத் தேவையைக் கேட்டு எழுதும்போது நெல் என்று மட்டும் குறிக்காமல், எந்த நெல், எத்தனை ஏக்கர், எந்தப் பட்டம் என்பதையும் கேட்டுக் குறித்தனுப்பலாம்.